உன் மெஷினுக்குள் இருந்த நாலு மணி நேரம்

மச்சான்,

இன்று காலை ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போது திரை சட்டென்று இருண்டது. நடுவில் ஒரு சின்னக் கட்டம் வந்தது. வேறொருவர் இந்தக் கணினிக்குள் நுழைந்துவிட்டதால் உங்கள் இணைப்பு துண்டிக்கப்பட்டது என்றது. பாண்டிச்சேரியிலிருந்து சிஸ்டம் பார்க்கிறவர் ஏதோ சரிசெய்ய உள்ளே வந்திருந்தார், அவ்வளவுதான். இரண்டு நிமிஷத்தில் போன் செய்து, "சாரி சார், சொல்லாம வந்துட்டேன்" என்றார். நான் போனை வைத்துவிட்டுப் படியிறங்கித் தெருவுக்கு வந்து நின்றேன். துக்கத்தில் என்று நினைத்துக்கொள்ளாதே. கோபம்தான். நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. இன்னும் கோபம்தான்.

உன் வீட்டுத் திரையிலும் அன்றைக்கு அதே கட்டம்தானே வந்திருக்கும்? அதைப் படிக்க அங்கே ஆள் இருந்ததா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

நாம் இருவரும் ஒன்றாகப் படித்தோம், ஒன்றாக அந்தச் சென்னைக் கம்பெனியில் சேர்ந்தோம். வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்றதும் நீ கடலூரில் மஞ்சக்குப்பத்து மாடி வீட்டில் உட்கார்ந்தாய், நான் சிதம்பரத்தில் உட்கார்ந்தேன். எங்கோ ஒரு வெளிநாட்டு மருத்துவமனையில் டாக்டர்கள் சொன்னதைத் தட்டச்சு செய்து அனுப்புவார்கள். அதில் பிழை பார்ப்பது நம் வேலை. நோயாளிகளின் விவரம் வெளியே போய்விடக் கூடாது என்று நம் லேப்டாப்பில் எதையும் வைக்க விடமாட்டார்கள். எங்கேயோ இருக்கிற பெரிய கணினி ஒன்றைப் பங்கு போட்டு, ஆளுக்கொரு கணினி மாதிரி பிரித்துக் கொடுத்திருந்தார்கள். பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தால் திறக்கும். எந்த ஊரிலிருந்து, எந்த லேப்டாப்பிலிருந்து நுழைந்தாலும், விட்ட இடத்தில் விட்ட வரி அப்படியே நிற்கும். என் அப்பாவுக்கு இதை நீதான் விளக்கினாய். "வாசப்படி மட்டுந்தாம்பா எங்க வீட்ல இருக்கு. வீடு எங்க இருக்குன்னு எங்களுக்கே தெரியாது." மங்கலம்பேட்டையில் நெல்லும் மணிலாக்கொட்டையும் பயிர் வைத்த மனுஷனுக்கு அது உடனே புரிந்தது. எனக்குத்தான் புரிய ஆறு மாசம் ஆனது.

பாஸ்வேர்டை ஒருவருக்கொருவர் சொல்லக் கூடாது என்பது விதி. இரண்டாவது வாரமே நீ சொன்னாய். எனக்குப் பல் வலி வந்த அன்றைக்கு என் மெஷினுக்குள் நீ நுழைந்து என் பங்கையும் முடித்தாய். முடித்துவிட்டு நோட்பேடில், "எருமை, பல்லப் புடுங்கினியா இல்லியா?" என்று எழுதி வைத்திருந்தாய். அதிலிருந்து வழக்கமாகிவிட்டது. நான் உள்ளே வந்தால் உன் திரை அணையும். ஒரு நிமிஷத்துக்குள் போன் வரும். "மச்சான், நீயா?" அந்தக் கடைசி நாள் வரை ஒரு தடவைகூட அந்தப் போன் வராமல் இருந்ததில்லை.

பிறகு அந்த விளக்கு வந்தது. நம் பெயருக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. வேலை செய்தால் பச்சை. பத்து நிமிஷம் விசையைத் தொடாவிட்டால் மஞ்சள். மஞ்சள் பதினைந்து நிமிஷம் நின்றால் டீம் லீட் நம்மைக் கூப்பிடுவார். எடுக்காவிட்டால் வீட்டு ஆளைக் கூப்பிடுவார். "உங்க மிஸ்ஸஸுக்கே போன் பண்ணிருவேன் சார்" என்று சிரித்துக்கொண்டே மீட்டிங்கில் சொன்னார். வளர்ந்த ஆண்களும் பெண்களும் கக்கூசுக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனோம். மாரடைப்பும் மூச்சிரைப்பும் நாள் பூராவும் படித்துக்கொண்டு, நம் மூத்திரத்தை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இதை எவனோ ஒருவன் யோசித்து, இன்னொருவன் சரியென்று சொல்லி, மூன்றாமவன் செய்து கொடுத்திருக்கிறான். அந்த மூன்று பேர் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. முகம் தெரியாததால் அது குறையவில்லை.

கடைசி ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்கு வந்தேன். தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போய்த் திரும்பும்போது மாடிப்படியில் பாதியில் நின்றாய். இடது தோளைப் பிடித்துக்கொண்டாய். நெற்றியெல்லாம் வேர்வை.

"இன்னாடா?"

"வாயு மச்சான். கொண்டக்கடல ஜாஸ்தி தின்னுட்டேன்."

"வாயு தோள்ல வருமா? நாளைக்கே டாக்டராண்ட போடா."

"இந்த மாசம் ஏற்கெனவே ஒரு லீவு போயாச்சு. இன்னொன்னு கேட்டா அந்தாளு உசுர எடுப்பான். வெள்ளிக்கெழம அரை நாள் சொல்லிப் பாக்குறேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஸ்டெல்லாகிட்ட மட்டும் சொல்லாத. அவ பயந்துருவா" என்றாய்.

நான் சொல்லவில்லை. உள்ளே உன் மனைவி ஸ்டெல்லா சுட்டுத் தந்த வாழைக்காய் பஜ்ஜியைத் தின்றுவிட்டு பஸ் ஏறினேன். இடது தோளில் வலி, வேர்வை, படியேறினால் அதிகம். இந்த வரியை நீயும் நானும் எத்தனை தடவை பிழை பார்த்து அனுப்பியிருப்போம்? உனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் கொண்டைக்கடலை என்று சொன்னாய் பார், அதை நான் மன்னிக்கவில்லை. கேட்டுக்கொண்டு பஜ்ஜி தின்றவனையும் மன்னிக்கவில்லை.

புதன்கிழமை பதினொன்றே காலுக்கு உன் புள்ளி மஞ்சளானது. நான் பார்த்தேன். போன் செய்தேன், எடுக்கவில்லை. இரவெல்லாம் தூக்கமில்லை என்று காலையில்தான் மெசேஜ் போட்டிருந்தாய். தூங்கிவிட்டாய் என்று நினைத்தேன். நன்றாகத் தூங்கட்டும், இந்தக் கம்பெனிக்கு என்ன குடியா முழுகிப்போகும் என்றுகூட நினைத்தேன். டீம் லீட் கூப்பிடுவதற்குள் என் மனைவியின் லேப்டாப்பைத் திறந்து, உன் பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்து உள்ளே போனேன்.

உன் மெஷின் திறந்தது. யாரோ ஒரு கிழவரின் முழங்கால் வலி. வாக்கியத்தின் நடுவில், ஒரு சொல்லின் பாதியில், கர்சர் துடித்துக்கொண்டிருந்தது. மீதி நாலு எழுத்தை அடித்தேன். உன் பெயருக்குப் பக்கத்தில் பச்சை வந்தது.

உன் போன் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. இந்த ஒன்றரை வருஷத்தில் நான் அதிகமாகத் திரும்பிப்போகிற நிமிஷம் அதுதான். மற்றதையெல்லாம் அறியாமை என்று சொல்லலாம். அந்த ஒரு நிமிஷத்தை அப்படிச் சொல்ல முடியாது. உன் திரை அணைந்தால் நீ கூப்பிடுவாய். நீ கூப்பிடவில்லை. எனக்கு அது உறுத்தியது. உறுத்தியதை ஒதுக்கிவிட்டு அடுத்த பதிவைத் திறந்தேன்.

இங்கே என் வேலை, அங்கே உன் வேலை என்று மாறி மாறிப் பார்த்தேன். மூன்று நாற்பதுக்கு உன் பங்கை முடித்தேன். நோட்பேடைத் திறந்து, "சோம்பேறி நாயே, எல்லாம் முடிச்சாச்சு. எழுந்ததும் கூப்புடு" என்று எழுதிவிட்டு வெளியே வந்தேன்.

ஸ்டெல்லா மேல்பட்டாம்பாக்கத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து வர அன்றைக்கு ஐந்தே கால் ஆகிவிட்டது. வழியில் சந்தைக்குப் போயிருந்தார். நாற்காலிக்கும் கட்டிலுக்கும் நடுவில் நீ கிடந்தாய். பெரியாஸ்பத்திரியில், வரும்போதே உயிரில்லை என்று மட்டும் சொன்னார்கள்.

அடக்கத்துக்கு வந்தேன். மண் அள்ளிப் போட்டேன். ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் கம்பெனியிலிருந்து எல்லோருக்கும் ஒரு மெயில் வந்தது. உன் போட்டோ. கீழே, கடைசி நிமிடம் வரை கடமையாற்றியவர், மறைந்த நாளன்றும் மூன்று நாற்பது வரை பணியில் இருந்து அன்றைய பங்கை முழுதாக முடித்தவர் என்று போட்டிருந்தது. அதைப் படித்துவிட்டு நான் வாஷ்பேசினில் வாந்தியெடுத்தேன். மூன்று நாற்பது வரை இருந்தது நானடா! என் வேலையை உன் பிணத்துக்கு மாலையாகப் போட்டுவிட்டார்கள்.

அப்போதும் வாயைத் திறக்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயம். அதை உன்னிடம் மறைக்க மாட்டேன்.

பத்து நாள் கழித்து உன் வீட்டில் ஜெபம் வைத்திருந்தார்கள். கம்பெனியின் அந்த மெயிலை அச்செடுத்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, உன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார் உன் மாமனார். வந்தவர்களெல்லாம் நின்று படித்து, "எப்பேர்ப்பட்ட உழைப்பாளி" என்றார்கள். பாஸ்டர்கூட அதைச் சொல்லித்தான் ஜெபம் செய்தார். எல்லோரும் கிளம்பிய பிறகு, பால்கனியில் ஸ்டெல்லா தரையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் சொன்னார்:

"மூணு நாப்பது வரைக்கும் நல்லா இருந்திருக்காருண்ணா. நான் எப்பவும் நாலே காலுக்கு வந்துருவேன். அன்னிக்குன்னு பாத்து சந்தைக்குப் போனேன். முள்ளங்கி வாங்கப் போனேன். அந்த ஒரு மணி நேரம்ணா... நாந்தாண்ணா..."

நான் பால்கனிக் கதவைச் சாத்தினேன்.

"ஆனா ஏண்ணா அவ்வளவு சில்லுனு இருந்தாரு? ஃபேன் ஓடிக்கினு இருந்திச்சி. அதனாலதான்னு நெனச்சேன்."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். படியில் நீ நின்றதை, கொண்டைக்கடலையை, மஞ்சளை, பச்சையை. அவர் அழவில்லை. கணக்கு டீச்சர் அல்லவா, ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"மஞ்சளானது எத்தினி மணிக்கு?"

"பதினொன்னே கால்."

"நீங்க உள்ள போனது?"

"பதினொன்னு இருவது."

"நீங்க போகலன்னா பதினொன்றரைக்கு ஸ்கூலுக்குப் போன் வந்திருக்கும். கீழ் வீட்டுக்காரர்கிட்ட சாவி இருக்கு. நான் அவருக்குச் சொல்லியிருப்பேன். ரெண்டு நிமிஷத்துல மேல வந்திருப்பாரு."

"ஆமாம்மா."

"இருந்திருப்பாரா?"

"தெரியல."

தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அப்ப, நான் சந்தைக்குப் போனதால இல்ல."

"இல்லம்மா. சத்தியமா இல்ல."

எழுந்து உள்ளே போனார். சட்டத்தை ஆணியிலிருந்து கழற்றி எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். "இத எடுத்துக்கிட்டுப் போங்க. இனிமே இங்க வராதீங்க. உங்க மேல கோவம் மட்டும் இல்லண்ணா. உங்களப் பாத்தா அவரு வலிய எங்கிட்ட மறைச்சது ஞாபகம் வரும்."

சிதம்பரம் வரை அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பஸ் ஸ்டாண்டில் இறங்கி, கண்ணாடியைப் பிரித்து, தாளைச் சுக்குச்சுக்காகக் கிழித்துப் போட்டேன். பூ விற்கிற அம்மா, "காதல் லெட்டரா தம்பி?" என்றார்.

மறுநாள் கம்பெனிக்கு எல்லாவற்றையும் எழுதினேன். அந்த மெயிலைத் திருத்தி எல்லோருக்கும் அனுப்புங்கள், அந்த விளக்கை எடுத்துவிடுங்கள் என்று கேட்டேன். மூன்று பேர் வீடியோவில் வந்தார்கள். நீ எப்படிச் செத்தாய் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. "எத்தனை நாளா பாஸ்வேர்ட் ஷேர் பண்றீங்க?" என்று கேட்டார்கள். எத்தனை பதிவுகளை உன் பெயரில் பார்த்தேன் என்று கேட்டார்கள். டீம் லீட் தலை குனிந்தே இருந்தார். நானாகவே வேலையை விடுவதாக எழுதித் தரச் சொன்னார்கள். எழுதித் தந்தேன். அந்த மெயிலைக் கடைசிவரை திருத்தவில்லை. அவர்கள் கணக்கில் நீ மூன்று நாற்பது வரை உயிரோடுதான் இருந்தாய். உன் மெஷினைத் துடைத்து வேறு யாருக்கோ கொடுத்திருப்பார்கள். நான் உன்னைச் சோம்பேறி நாய் என்று எழுதியதும் அதோடு போயிருக்கும்.

இப்போது தெற்கு வீதியில் ஒரு சின்ன ஆபீசில் இருக்கிறேன். இதே மாதிரி வேலைதான். எனக்கு வேறு தெரியாது. என்னோடு ஐந்து பேர் அவரவர் வீட்டிலிருந்து பார்க்கிறார்கள். இங்கே விளக்கெல்லாம் இல்லை. அதனால் கேட்டதற்குப் பதில் வராவிட்டால் நானே கூப்பிடுகிறேன். அவர்கள் எடுக்காவிட்டால் வீட்டு ஆளை. அங்கேயும் எடுக்காவிட்டால் பக்கத்து வீட்டை. சேர்ந்த முதல் நாளே எல்லோரிடமும் பக்கத்து வீட்டு நம்பரை வாங்கி வைத்தேன். எனக்குக் கொஞ்சம் மறை கழன்றுவிட்டது என்று பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும்.

போன வாரம் குறிஞ்சிப்பாடியில் இருக்கிற அக்கா ஒருவர் இருபது நிமிஷம் பதில் சொல்லவில்லை. புருஷன் வயலில் இருந்தார், எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டேன். அவர்கள் ஓடிப்போய்க் கதவைத் தட்டியிருக்கிறார்கள். அக்கா தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்துக்கொண்டிருந்திருக்கிறார். ஈரத் தலையோடு என்னைக் கூப்பிட்டார்.

"உனக்கு அறிவிருக்காய்யா? ஊரே வந்து வாசல்ல நிக்குது! ஒரு பொம்பள நிம்மதியா குளிக்கக்கூடாதா? இன்னா ஆபீசு இது?"

"திட்டுங்கக்கா" என்றேன்.

திட்டினார். மூச்சு வாங்கும் அளவுக்குத் திட்டினார். அவர் முழுசாகத் திட்டி முடிக்கிறவரை நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.