ஐந்து துளி

ஃப்ளாரன்ஸ், 1479 ஏப்ரல் 3

அன்புள்ள நேரி அண்ணாவுக்கு,

தங்கை தெஸ்ஸாவின் வணக்கம். மடத்தில் எல்லாரும் நலம். பிஸ்தோயாவில் நீயும் நலம் என்றே நம்புகிறேன். நீதான் இரண்டு ஆண்டாக ஒரு வரி எழுதவில்லையே!

இத்துடன் வரும் மருத்துவ நூல் முழுவதும் எங்கள் மடத்து அச்சுக்கூடத்தில் நான் அச்சுக் கோத்தது. கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறிய ஈய எழுத்துகளைப் பார்த்துப் பார்த்து, இப்போது ஜெபப் புத்தகம் நேராக இருந்தால் கண் தடுமாறுகிறது. முந்நூறு பிரதிகள், அண்ணா! பிரபுக்களுக்குப் புத்தகங்களை நகலெழுதித் தரும் உன் கைக்கு இது ஈடாகாது, தெரியும். "கன்னியாஸ்திரி கையில மையைப் பூசிக்கிட்டா குடும்ப மானம் என்னாகும்?" என்று கேட்டுவிட்டுப் போனாய். திட்டுவதற்காகவாவது எழுது.

உன் தெஸ்ஸா

பிஸ்தோயா, ஏப்ரல் 9

தெஸ்ஸா,

கேலி செய்யத்தான் புத்தகத்தைத் திறந்தேன். அறுபது பக்கம் வரை ஒரு பிழையும் அகப்படாமல் எரிச்சல்தான் வந்தது. அதற்கடுத்த பக்கத்தில், பிள்ளைகளின் இருமலுக்கு அபின் சாறு "ஐம்பது துளி" என்றிருக்கிறது.

அதே நூலை இரண்டு முறை கையால் எழுதியவன் நான். ஐந்து துளி, தெஸ்ஸா. ஐம்பது கொடுத்தால் பிள்ளை கண் விழிக்காது.

எத்தனை பிரதி வெளியே போயிருக்கிறது? இதைக் கொண்டுவருபவனிடமே பதில் கொடுத்தனுப்பு.

நேரி

ஃப்ளாரன்ஸ், ஏப்ரல் 11

அண்ணா,

கோத்தவளும் நான், மெய்ப்புப் பார்த்தவளும் நான். உன் கடிதத்தைப் படித்ததும் மடத்துத் தலைவி அம்மாவின் காலில் விழுந்தேன். "அழுதா அச்சு அழியுமா? எல்லாரும் பேனாவை எடுங்கடி" என்றார். மடத்தில் இருந்த இருநூற்று அறுபதையும் திருத்திவிட்டோம்.

உன்னிடம் ஒன்று. மீதி முப்பத்தொன்பதை ஒரு புத்தக வியாபாரி லூக்கா நகருக்குக் கொண்டுபோய்விட்டார். மதிலைத் தாண்ட எனக்கு அனுமதி இல்லை. உன்னைக் கேட்க வாய் வரவில்லை. ஆனாலும் கேட்கிறேன், நீ போவாயா?

தெஸ்ஸா

லூக்கா, ஏப்ரல் 28

அருமைத் தங்கை தெஸ்ஸாவுக்கு,

முப்பத்தொன்பதும் கிடைத்துவிட்டன. வியாபாரியிடம் பெயர்களை வாங்கிக்கொண்டு கோவேறு கழுதையில் ஊர் ஊராக அலைந்தேன். யார் யார் வாங்கியிருக்கிறார்கள் தெரியுமா? ஒரு நெசவாளி. மலைமேல், வேறு புத்தகமே இல்லாத ஒரு பாதிரியார். இவர்களில் ஒருவருக்குக்கூட நான் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்ததில்லை.

கடைசிப் பிரதி ஒரு மருத்துவச்சியிடம் இருந்தது. நான் வாசலில் இறங்கும்போது, புத்தகத்தைச் சுவரில் சாய்த்து வைத்து, "பதினொண்ணு, பன்னெண்டு" என்று கோப்பையில் துளி எண்ணிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு பெண் குழந்தை இருமிக்கொண்டிருந்தது. உள்ளே ஓடிக் கோப்பையைத் தட்டிவிட்டேன். வாங்கிய வசவு கொஞ்சமல்ல. விஷயத்தைச் சொல்லி, அவசர அவசரமாகத் திருத்திக் கொடுத்தேன். குனிந்து பார்த்தவள் சிரித்தாள்.

"ஏன்யா, ஐம்பதை அடிச்சிட்டு மறுபடி ஐம்பதுன்னே எழுதியிருக்கீரு?"

ஆமாம், தெஸ்ஸா, எழுதியிருந்தேன். உன்னிடம் சொல்லாமலே விட்டிருக்கலாம்.

மறுபடி அடித்து 'ஐந்து' என்று எழுதினேன். ஐந்தே துளி குடித்த குழந்தை மறுநாள் எழுந்து ரொட்டி கேட்ட பிறகுதான் கிளம்பினேன்.

அடுத்த நூலின் மெய்ப்பை எனக்கு அனுப்பு. நீ தவறவிட்டதை நான் பார்க்கிறேன். நான் தவறவிட்டதை நீ பார்.

உன் அண்ணன்,
நேரி