வெட்ட வெட்டப் பெருகும் பாசி

இந்தத் தாள் யார் கையில் கிடைத்தாலும், தயவுசெய்து ஒருவரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாக என் அண்ணனிடம்.

என் அன்பு அப்பா,

சமையற்கட்டுக் கதவைத் தாழிட்டு, விளக்கைத் தாழ்த்தி எழுதுகிறேன். கடலில் எந்த மீன்பிடிக் கம்பத்தடியிலிருந்து உங்கள் உடலை மேலே எடுத்தார்களோ, அந்தக் கம்பம் இப்போது கண்ணுக்கே தெரியவில்லை. பாசி முழுக்க மூடிவிட்டது.

நாம் சுங்காய் தோட்டத்தை விட்டு இந்த லூமுட் கடற்கரைக்கு வந்தபோது அந்தப் பாசி இங்கே இல்லை. வெளிநாட்டுக் கப்பல் ஒன்று வந்து நின்றுவிட்டுப் போன பிறகு, படகுத்துறையின் ஒரே ஒரு தூணில் பச்சை மயிர்போல் தொங்கியது. நீங்கள்தான் எனக்குக் காட்டினீர்கள். "அழகா இருக்குல்ல?" என்றீர்கள். இன்று ஆற்றுவாய் வரை மீன்பிடிக் கம்பம் எல்லாவற்றிலும் அதுதான். வலையை இழுத்தால் மீன் இல்லை, பாசி வருகிறது.

கம்பங்களில் பாசி வெட்டும் வேலையை உங்களுக்குக் கொடுத்தபோது இங்கே கங்காணி சொன்னது நினைவிருக்கிறதா? "தோட்டத்துல லாலான் புல்லு வெட்டுன மாதிரி வெட்டி விடு லா. மிச்சத்தத் தண்ணி இழுத்துக்கிட்டுப் போயிடும்." தோட்டத்தில் வெட்டிப்போட்ட புல் வெயிலில் காய்ந்து சாகும். கடலில் எது காயும், அப்பா?

ஒரு கொத்தை நறுக்கிக் கடல்நீர்ப் போத்தலில் போட்டுவைத்தேன். ஒவ்வொரு துண்டும் நூல் விட்டுக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டது. பிறகு துளிர்த்தது. நீங்கள் வெட்டி மிதக்கவிட்டதெல்லாம் இப்படித்தான் போய் ஒட்டியிருக்கும். உங்கள் காலைச் சுற்றியதும் அதில் ஒன்றா?

அண்ணனிடம் போத்தலைக் காட்டினேன். "ஊரே கடல்ல மீன் புடிக்குது, இவ போத்தல்ல கடல் வளக்குறா" என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தான். அம்மா சிரிக்கவில்லை. உங்கள் வேலையை அவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். விடியுமுன் நீர் வற்றும்போது அவனும் அந்தக் கம்பங்களுக்கு இறங்க வேண்டும், உங்கள் அரிவாளோடு.

அந்த அரிவாள் இப்போது என் பக்கத்தில், விறகுக்கு அடியில் இருக்கிறது.

வேறு அரிவாள் கிடைக்காதா என்பீர்கள். கிடைக்கும். தேடி எடுப்பதற்குள் நீர் ஏறிவிடும். அதற்குள், வெட்டினால் பாசி பெருகத்தான் செய்யும் என்று காட்டப் போத்தலைக் கங்காணியிடமே கொண்டுபோவேன். அடித்தாலும் சரி. உங்களை எடுத்துக்கொண்ட தண்ணீருக்கு அண்ணனைக் கொடுக்க மாட்டேன். இது சத்தியம், அப்பா.

கதவைத் தட்டுகிறான்.

"ஸ்டெல்லா, அப்பா அரிவா எங்க? தண்ணி வத்திருச்சு."

பார்க்கவில்லை என்று சொல்லப் போகிறேன்.

உங்கள் மகள்