பனியன் முதுகில் ஒரு பை

ஹனோவர், 4-2-1974

அன்புக் கனகத்துக்கு,

நலம் என்று எழுத ஆசைதான். ரத்த அழுத்தம் மாத்திரைக்கு மசியவில்லை. நேற்று செமினாரில் புரொபசர் எதிரிலேயே தூங்கிவிட்டேன். ஜூனில் மெடிக்கல் செக்கப். தேறாவிட்டால் ஆராய்ச்சியைப் பாதியில் விட்டு ஊர் திரும்ப வேண்டியதுதான்.

நண்பர் நடேசன் சொல்லி, சீன வைத்தியம் படித்த ஜெர்மன் டாக்டரம்மா ஒருவரிடம் போகிறேன். காதிலும் காலிலும் ஊசி குத்துகிறார். தலைவலி தேவலை, அழுத்தம் இறங்கவில்லை. இரண்டு கையிலும் நாடி பார்த்து, "தூக்கம் எப்படி?" என்றார். "அதற்கென்ன குறை! இடி விழுந்தாலும் எழமாட்டேன்" என்றேன்.

உன் வாசுதேவன்

திருச்சி, 16-2-1974

அன்புள்ள அத்தானுக்கு,

நன்றாகச் சொன்னீர்கள், போங்கள்! அந்த அம்மா என்னையல்லவா கேட்டிருக்க வேண்டும்? குறட்டை விட்டால் அசந்து தூங்குகிறீர்கள் என்று உங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். மல்லாந்து படுத்தால் குறட்டை சட்டென்று நிற்கும், கூடவே மூச்சும். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடப்பேன். விலாவில் ஓர் இடி இடித்தால் திணறி ஒருக்களிப்பீர்கள். வெளியில் சொன்னால் கேலி செய்வார்களே என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். அங்கே இடிக்க யார் இருக்கிறார்கள்? பயமாக இருக்கிறது. வெட்கப்படாமல் இதை அப்படியே டாக்டரம்மாவிடம் சொல்லுங்கள்.

பார்சலில் பனியன்கள் வருகின்றன. முதுகில் பை தைத்திருக்கிறேன். டென்னிஸ் பந்தைப் போட்டுக்கொண்டு படுங்கள். மல்லாந்தால் எனக்குப் பதில் அது இடிக்கும்.

கனகவல்லி

ஹனோவர், 20-6-1974

என் கனகமே,

ஜெயித்துவிட்டோம்!

நீ எழுதியதைச் சொன்னதும் டாக்டரம்மா ஊசிப் பெட்டியை மூடிவிட்டார். "இது என் ஊசிக்கு அடங்காது" என்று தெற்கே ஒரு யுனிவர்சிட்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். தலையிலும் மார்பிலும் ஒயர் ஒட்டித் தூங்கவைத்தார்கள். நீ சொன்னதையேதான் மெஷினும் சொன்னது. மூச்சு நின்று நின்று வருவதால்தான் அழுத்தம் ஏறுகிறதாம். உடம்பைக் குறை, பீரை விடு, ஒருக்களித்துப் படு என்றார்கள். (ஆமாம், பீர். திட்டாதே.) பனியனைக் காட்டினேன். பெரிய டாக்டர் திருப்பித் திருப்பிப் பார்த்து, "யார் தைத்தது?" என்றார். "என் மனைவி" என்றேன். வாழ்க்கையில் எதையும் அத்தனை கர்வத்தோடு சொன்னதில்லை.

நேற்று செக்கப்பில் தேறிவிட்டேன். மாத்திரை பாதியாகிவிட்டது. செமினாரில் கொட்டாவிகூட இல்லை. இருவர் தங்க அறை கிடைத்திருக்கிறது. டிக்கெட் இத்துடன். வந்துவிடு.

உன் வாசு

திருச்சி, 2-7-1974

அன்புள்ள அத்தானுக்கு,

படித்துவிட்டு அழுதேன், சிரித்தேன். பீர் விஷயத்தை நேரில் பேசிக்கொள்கிறேன்.

நான் வருகிறேன் என்று பந்தை எடுத்துவிடாதீர்கள். கல்யாணமான நாளிலிருந்து உங்கள் மூச்சுக்குக் காவல் கிடந்திருக்கிறேன். ஹனோவர் வந்ததும் நான் நன்றாகத் தூங்கப்போகிறேன். காலையில் நீங்கள்தான் காப்பி போட்டு என்னை எழுப்ப வேண்டும்.

உங்கள் கனகம்