சித்தி சொல்லாமல் படியிறங்கியது

சங்கரன்கோவில்

அன்புள்ள அத்தானுக்கு,

நானும் மகிழினியும் சுகம். நீங்கள் சுகமா? எல்லையில் சண்டை மூண்டு உங்கள் போன் கிடைக்காமல் போனதிலிருந்து, இந்த ஒரு வரியை எழுதவே கை தயங்குகிறது.

நேற்று ஒரு வேடிக்கை. திருவேங்கடத்திலிருந்து உங்கள் சித்தி வந்தார்கள். பேசிக்கொண்டே இருந்தவர்கள் சட்டென்று எழுந்து, ‘போயிட்டு வாரேன்’ என்று சொல்லாமலே படியிறங்கிவிட்டார்கள். துட்டி கேட்கப் போன சாவு வீட்டில்தானே அப்படிச் சொல்லாமல் போவார்கள். சித்திக்கு ஏதோ தெரிந்திருக்கிறது, மறைக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றிவிட்டது. மகிழினியை இடுப்பில் தூக்கிக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன்.

“அவுகளுக்கு என்ன ஆச்சு சித்தி? எங்கிட்ட சொல்லிருங்க.”

“ஏட்டி, கோட்டி புடிச்சிருக்கா ஒனக்கு? பஸ்ஸ விட்டுருவேன்னுல்லா ஓடியாந்தேன்.”

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். பஸ் போனால் போகிறது என்று வீடுவரை கூடவே நடந்து வந்து, வாசலில் நின்று, “போயிட்டு வாரேன் மக்கா” என்றார்கள்.

நீங்கள் சிரியுங்கள். எனக்கு இன்னும் சிரிப்பு வரவில்லை. நம் வீட்டு முகவரி எழுதிய உறை ஒன்று உள்ளே வைத்திருக்கிறேன். எழுத நேரமில்லை என்றால் வெறும் தாளையாவது மடித்து, உங்கள் கையால் ஒட்டி அனுப்புங்கள்.

பிள்ளை எழுந்துவிட்டாள்.

சங்கரேஸ்வரி