மேஜைக்கு முன்னால் பேசக் கூடாது

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? அம்மாவுக்கு மூச்சு வாங்குவது குறைந்திருக்கிறதா?

வரும் சனிக்கிழமை சாயங்காலம் உங்கள் ஊரில், பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் சின்னப் புத்தகக் கடையில் என் புத்தகத்துக்குக் கையெழுத்துப் போடுகிறேன். அன்றைக்கே ரயில் ஏற வேண்டும், வீட்டுக்கு வர நேரம் இருக்காது. நீ கடைக்கு வா. ஆனால் அங்கே சில முறைகள் உண்டு. புத்தகத்தைக் கடையிலேயே வாங்கணும், ஓசி கேட்கக் கூடாது. ஒருத்தி தனியாகக் கஷ்டப்பட்டு நடத்தும் கடை. வரிசையில் நிற்கணும். மேஜைக்கு வந்தால் யார் பேருக்கு என்று மட்டும் சொல்லி, கையெழுத்து வாங்கி நகர்ந்துவிடணும். பின்னால் ஆட்கள் காத்திருப்பார்கள். சொந்தக் கதை வேண்டாம்.

இன்னொன்று, கோபப்படாதே. இது என் வாழ்க்கைக் கதை என்று அட்டையில் போட்டிருக்கிறது. அதில் என் அக்கா பதினாறு வயதில் இறந்துவிடுகிறாள். எல்லாரும் அழுவது அந்த இடத்தில்தான். நீ அங்கே வந்து அக்கா என்று சொல்லிக்கொண்டால் என் கதி என்ன?

அன்புடன்,
குட்டி

பிப்ரவரி 5

குட்டிக்கு அக்கா எழுதுவது.

என்னைச் சாகடித்துவிட்டாய், நல்லது. காய்ச்சலிலா, கிணற்றிலா?

பதினாறு வயசில் நான் சாகவில்லையடி. உன்னைப் படிக்கவைக்கத் துணிக்கடையில் சேலை மடிக்கப் போனேன். முதல் மாசம் உனக்குச் சிவப்பு ரிப்பன் வாங்கி வந்தேன். “மட்டமான ரிப்பன்” என்று தூக்கி எறிந்தாய், கதவுக்குப் பின்னால் விழுந்தது. எனக்கு எழுத்துத்தான் அரைகுறை, ஞாபகம் அரைகுறை இல்லை.

வரிசையில் நிற்க எனக்கா சொல்லித் தருகிறாய்? உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வரிசையில் நின்ற கால் இது. வருகிறேன். வாயைத் திறக்க மாட்டேன், போதுமா?

அம்மாவுக்குக் கஞ்சிகூட இறங்கவில்லை. சின்னவள் எப்போ வருவாள் என்றே கேட்கிறாள். ரயிலைத் தள்ளிப் போட முடியாதா?

அக்கா

பிப்ரவரி 10

அன்புள்ள அக்காவுக்கு,

சனிக்கிழமை வந்ததற்கு நன்றி. நாகரிகமாக நடந்துகொண்டாய். பக்கத்தில் பத்திரிகைக்காரர் நின்றார், உன்னைத் தெரிந்தவளாகக் காட்டிக்கொள்ள முடியவில்லை. மனசில் வைத்துக்கொள்ளாதே. ஏதோ சொல்ல வந்தாயே, என்ன அது?

இன்னும் சில ஊர்களில் கடைகள் பாக்கி. அடுத்த மாசம் கட்டாயம் வந்து அம்மாவோடு இருப்பேன். அம்மாவிடம் சொல்லிவை.

அன்புடன்,
குட்டி

பிப்ரவரி 13

எழுத்தாளர் அவர்களுக்கு,

என்ன அது என்று கேட்டிருக்கிறாய். சொல்கிறேன்.

சனிக்கிழமை காலையில் டாக்டர் கையை விரித்துவிட்டார். உன் போன் அணைந்து கிடந்தது. அதைச் சொல்லத்தான் வந்தேன். புத்தகம் வாங்கினேன், வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒருத்தி, “உங்க அக்கா போனதைப் படிச்சிட்டு சோறு இறங்கலைங்க” என்று மூக்கைச் சிந்தினாள். நீ அவள் கையைப் பிடித்துக்கொண்டாய். அவள் மட்டும் எவ்வளவு நேரம் பேசினாள்! அவளுக்கு முறை கிடையாதோ?

என் முறை வந்தது. “அம்மாவுக்கு…” என்று ஆரம்பித்தேன்.

“அம்மாவுக்கா வாங்குறீங்க? அவங்க பேரைச் சொல்லுங்க” என்றாய்.

பெற்றவள் பேரை என்னிடம் கேட்டாய். கண்ணைப் பார்த்துக் கேட்டாய். சொன்னேன். எழுதினாய். “அடுத்தவங்க வரலாம்” என்றாய்.

அங்கேயே உன் காதைத் திருகிச் சொல்லியிருக்கலாம். வாசலில் நின்று நீ வெளியே வந்ததும் சொல்லியிருக்கலாம். ராத்திரி முழுக்க போன் போட்டிருக்கலாம். எதையும் செய்யவில்லை. மறந்துபோய் இல்லை, வேண்டுமென்றேதான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா போய்விட்டாள். எல்லாம் முடிந்துவிட்டது, நீ ஓடிவர வேண்டாம்.

கடைசிவரை நினைவு தப்பவில்லை. “சின்னவளுக்குச் சொன்னியா?” என்று கேட்டாள்.

“நேர்ல போயே சொன்னேன்மா. அவளுக்கு வேலை இருக்காம்” என்றேன்.

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அதற்கப்புறம் உன்னைக் கேட்கவே இல்லை.

இப்படிக்கு,
அக்கா