விரலை நம்பாதே, தோளை நம்பு

டீச்சர்,

இன்று மதியம் கடையை மூடிவிட்டு வந்து துணி எடுக்க அலமாரியைத் திறந்தேன். குப்பென்று பவுடர் வாசனை. நீங்கள்தான் பின்னால் வந்து நிற்கிறீர்கள் என்று நினைத்துத் திரும்பியே விட்டேன். யாரும் இல்லை. அடித்தட்டில் நீங்கள் கைப்பயிற்சிக்கு வைத்திருந்த அந்தப் பச்சை ரப்பர் பட்டை சுருண்டு கிடந்தது. ஒட்டிக்கொள்ளக் கூடாது என்று கைக்குழந்தைக்குப் பூசுவதுபோல அதற்குப் பவுடர் பூசி வைப்பீர்களே, அந்த வாசனை. பெங்களூருக்குத் திரும்பிப் போகும் முன் உங்கள் மகள், "அத்தே, இது உங்ககிட்டயே இருக்கட்டும்" என்று கொடுத்துவிட்டுப் போனாள். பார்க்கப் பயந்துகொண்டு நான்தான் உள்ளே திணித்து வைத்திருந்தேன்.

கட்டிலில் உட்கார்ந்து என் இரண்டு கைகளையும் மடியில் வைத்துப் பார்த்தேன். கணுவெல்லாம் புடைத்து, விரல்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கின்றன. ஊறுகாய் பாட்டில் மூடியைத் திறக்க அடுத்த வீட்டு வாசலில் போய் நிற்கிற கை. ஈரத் துணியைப் பிழிய முடியாத கை. இந்தக் கையா அப்படிச் செய்தது? விழுப்புரத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னபோது தூக்கிவாரிப் போட்டது, இன்னும் அப்படியேதான் இருக்கிறேன். யாரிடம் சொன்னாலும் ஆறவில்லை. உங்களிடமே சொல்லிவிடலாம் என்று எழுதுகிறேன்.

நாம் பழகியதே கையால்தான். செஞ்சியிலிருந்து விழுப்புரம் போகிற பஸ், நிற்கக்கூட இடமில்லாத கூட்டம். எல்லோரும் மேல்கம்பியைப் பிடித்திருக்க, நான் மட்டும் சீட்டுக் கம்பிக்குள் முழங்கையை மாட்டிக்கொண்டு நின்றேன். எதிரே பார்த்தால் நெடுநெடுவென்று ஒரு அம்மா, என்னைப் போலவே முழங்கையை மாட்டிக்கொண்டு நிற்கிறார். டிரைவர் பிரேக் போட்டதும் கூட்டம் மொத்தமும் சாய்ந்தது. நாம் இரண்டு பேரும் ஆணி அடித்த மாதிரி நின்றோம். நீங்கள் என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள்.

"இன்னாம்மா, உனக்கும் கைதானா?"

"ஆமாங்க. முடக்குவாதம்னு சொல்றாங்க. மூட்டு டாக்டர் கிட்ட போறேன்."

"நானும் அங்கதான் போறேன். வா, ஜோடி சேந்துட்டோம்."

போய்ச் சேருவதற்குள் முழுக் கதையும் பேசிவிட்டோம். பெண்கள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு சொல்லித்தரும் பி.டி. டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர் நீங்கள். தொண்டூர்ப் பக்கத்து ஜைனக் குடும்பம். கணவர் போய்விட்டார், மகள் பெங்களூரில், மாடி வீட்டில் தனியாக இருப்பு. நான் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வீட்டுக்காரரோடு டிபன் கடை நடத்துகிறவள். இருவருக்கும் வயதும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனாலும் டீச்சர் என்று கூப்பிட்ட வாய் அதற்கப்புறம் மாறவில்லை.

கையை ஆட்டாமல் வைத்திருந்தால் மூட்டு தேயாது என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஊரே அப்படித்தான் சொன்னது. கடையில் கரண்டி பிடிக்கிற வேலையைக்கூட வீட்டுக்காரர் என்னிடமிருந்து பிடுங்கிவிட்டார். அதைச் சொன்னதும் உங்களுக்கு வந்ததே ஒரு கோபம்!

"ரெஸ்ட்டு ரெஸ்ட்டுன்னு வச்சித்தான் உன் கை வாழத்தண்டாட்டம் ஆயிருக்குது. மூட்டுக்கு முட்டுக் குடுக்கறது சதைதான். சதை இல்லன்னா மூட்டு இன்னா பண்ணும்? நான் டாக்டருகிட்ட கேட்டுட்டுத்தான் பண்றேன். நீயும் கேளு. கேட்டுட்டு மாடிக்கு வா."

டாக்டரும் தலையாட்டினார். வந்தேன். "இந்த வயசுல பயில்வான் ஆவப்போறியா?" என்று வீட்டுக்காரர் கேட்டதற்கு, "ஆயிட்டு முதல்ல உன்னைத்தான் தூக்கிப் போடப்போறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

முதல் நாளே நீங்கள் டம்பெல்லை நீட்டுவீர்கள் என்று பயந்தேன். நீங்கள் நீட்டியது ஒரு பேசின் வெந்நீர். கையை அதில் ஊறவைத்து, தண்ணீருக்குள்ளேயே விரல்களை மெல்ல மடக்கி விரிக்கச் சொன்னீர்கள். பிறகு இரண்டு துணிப்பையில் மணல் போட்டு, கைப்பிடியை விரலில் பிடிக்காமல் முன்னங்கையில் மாட்டி முழங்கையை மடக்கித் தூக்கச் சொன்னீர்கள். ரப்பர் பட்டையையும் பிடிக்க விடவில்லை, மணிக்கட்டுக்கு மேலே சுற்றிவிட்டீர்கள். சின்ன டம்பெல்லுக்குக்கூடப் பழைய துண்டைச் சுற்றித் தடியாக்கி வைத்திருந்தீர்கள், இறுக்கிப் பிடிக்க வேண்டாம் என்று. கைப்பிடிச் சுவரில் உள்ளங்கையின் அடியை ஊன்றித் தள்ளும்போது நான் விரலை அழுத்தி "அய்யோ" என்றால் ஒரே அதட்டல்.

"விரலை நம்பாதே. தோளை நம்பு. முழங்கைய நீட்டி, உடம்பு எடையப் போட்டுத் தள்ளு."

கணு சூடாகி வீங்கிய நாட்களில் பையைத் தொட விடமாட்டீர்கள். "கோவமா இருக்குற விரலச் சீண்டாத. இன்னிக்கு வெந்நீர் மட்டும்தான்" என்பீர்கள். மறுநாள் காலையும் வலித்தால் முந்தின நாள் அதிகம் செய்துவிட்டோம் என்று கணக்கு. மணலைக் கொஞ்சம் கொட்டிவிடுவோம்.

நமக்குக் கடிகாரம் தேவைப்பட்டதில்லை. ராஜகிரிக் கோட்டை மலைக்குப் பின்னால் சூரியன் இறங்குவதற்குள், ஜைன வழக்கப்படி நீங்கள் சாப்பிட்டு முடிக்க வேண்டும். மலையுச்சிக்கும் சூரியனுக்கும் நடுவே கொஞ்சம் இடம் இருக்கும்போதே "போதும், எனக்குச் சோத்து நேரம்" என்று பையை இறக்கிவிடுவீர்கள். இருட்டியபின் என் கடையில் எத்தனை சுடச்சுட இட்லி வெந்தாலும் உங்களுக்கு ஆகாது. "உங்களாட்டம் ரெண்டு பேரு இருந்தா என் கடைய மூடிட வேண்டியதுதான்" என்று நான் கிண்டல் செய்வேன்.

நமக்குள் ஒரே ஒரு சண்டைதான், அது தினமும் நடந்தது. பலம் வந்திருக்கிறது என்பீர்கள் நீங்கள். வரவில்லை என்பேன் நான்.

"மாவு குண்டான பிரிட்ஜிலேருந்து நீயே எடுக்கிற இல்ல?"

"அத நான் முன்னங்கையில அணைச்சி எடுக்கிறேன் டீச்சர்."

"அணைச்சி எடுக்கறதுக்கு இன்னா வேணும்? பலம் வேணாமா?"

"பாட்டில் மூடி தொறக்கல இல்ல? அப்ப வரல."

"மூடியா தொறக்கல, உன் மண்டைதான் தொறக்கல" என்று தலையில் அடித்துக்கொள்வீர்கள். எனக்கு நிஜமாகவே நம்பிக்கை இல்லை டீச்சர். உங்களோடு உட்கார்ந்து பேசுவது பிடித்துப்போயிற்று, அதற்காகத்தான் வந்துகொண்டிருந்தேன்.

அந்தக் கடைசி வாரம் இடது கை வலிக்கிறது என்றீர்கள். தோளிலிருந்து முழங்கை வரைக்கும் குடைகிறது என்றீர்கள். நாம் என்ன செய்தோம்? பையில் மணலைக் குறைத்தோம்! வேறு யாராவது இடது கை வலி என்றால் பக்கத்தில் இருப்பவர்கள் பதறி ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போயிருப்பார்கள். நமக்குக் கைவலி என்ன புதுசா? காலையில் கண் விழித்தால் முதலில் வந்து நிற்பதே அதுதானே. "நேத்து ஓவரா தூக்கிட்டேன் போல" என்றீர்கள். வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். தைலம் தேய்த்துவிட்டேன். உங்கள் நெஞ்சு கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. நாம் இரண்டு பேரும் அதை மூட்டுவலி என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அன்று நீங்கள் பையைத் தொடவே இல்லை. நான் சுவரைத் தள்ளிக்கொண்டிருந்தேன், நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தீர்கள். "என்னவோ மாதிரி இருக்குது" என்ற குரல் கேட்டுத் திரும்பினேன். முகமெல்லாம் வேர்வை. நான் பக்கத்தில் வருவதற்குள் நாற்காலியிலிருந்து சரிந்துவிட்டீர்கள். கண் திறந்திருக்கிறது. மூச்சு இல்லை. கூப்பிடுகிறேன், உலுக்குகிறேன், ஒன்றுமே இல்லை. நான் போட்ட கூச்சலில் கீழ்வீட்டில் குடியிருக்கும் பெண் ஓடிவந்தாள். நிறைமாத வயிறு அவளுக்கு, பாவம், அதோடு படியேறி வந்து 108-க்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

வண்டி கிளம்பிவிட்டது, அது வரும்வரை நெஞ்சை அழுத்துங்கள் என்றது போனில் ஒரு பெண் குரல். "நெஞ்சு நடுவுல ஒரு உள்ளங்கையோட அடிப்பகுதிய வைங்க. அதுமேல இன்னொரு கையை வச்சி விரலக் கோத்துக்குங்க."

என் விரல் கோக்குமா டீச்சர்? கோணிக்கொண்டு நின்றது. "எனக்குக் கை வராதும்மா! எனக்கு வாதம்!" என்று போனைப் பார்த்துக் கத்தினேன்.

"பரவால்லம்மா, விரல் வேணாம். முழங்கைய மடக்காதீங்க. தோள்லேருந்து உடம்பு எடையப் போட்டு அழுத்துங்க. நிறுத்தாதீங்க."

அது உங்கள் பேச்சு. யாரோ முன்பின் தெரியாத பெண், எங்கேயோ உட்கார்ந்துகொண்டு, நீங்கள் தினமும் என்னை அதட்டுவதையே திருப்பிச் சொல்கிறாள். விரலைத் தூக்கிக்கொண்டு, உள்ளங்கை அடியை உங்கள் நெஞ்சில் ஊன்றி அழுத்தத் தொடங்கினேன். அதற்கப்புறம் எனக்கு யோசனையே இல்லை. கீழ்வீட்டுப் பெண் அழுதுகொண்டே எண்ணுகிறாள், நான் அழுத்துகிறேன். ஒரு இடத்தில் கைக்கு அடியில் டக்கென்றது. போச்சு, என் மணிக்கட்டு உடைந்தது என்று நினைத்தேன். உடைந்தால் உடையட்டும் என்று மேலும் அழுத்தினேன். வண்டிக்காரர்கள் வந்து என்னைப் பிடித்து விலக்கும்வரை நிறுத்தவில்லை. அவர்கள் ஏதோ மிஷினை வைத்தார்கள். உங்கள் உடம்பு தூக்கிப் போட்டது. "நாடி கெடைச்சிருச்சு" என்று ஒருவர் சொன்னது மட்டும் காதில் விழுந்தது. சூரியன் மலைக்குப் பின்னால் போய்விட்டது. சமையலறையில் உங்கள் சாப்பாடு மூடியபடியே இருந்தது.

மறுநாள் விழுப்புரத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் வெளியே வந்து, "யாரும்மா நெஞ்ச அழுத்துனது?" என்று கேட்டார். நான் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். பெங்களூரிலிருந்து இரவோடு இரவாக வந்திருந்த உங்கள் மகள்தான் என்னைக் காட்டினாள். அவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு கையைப் பிடித்து முன்னால் இழுத்துப் பார்த்தார்.

"இந்தக் கையாலயா?"

"ஆமா சார். தப்பா பண்ணிட்டனா?"

"அவங்களுக்கு ரெண்டு விலா எலும்பு உடைஞ்சிருக்குதும்மா."

சுவரைப் பிடிக்கப் போனேன், விரல் பிடிக்கவில்லை, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்த டக் என் மணிக்கட்டு இல்லையா? உங்கள் எலும்பா? டாக்டரும் என் எதிரில் குந்தி உட்கார்ந்து, "பயப்படாதீங்க. சரியா அழுத்துனா சில சமயம் உடையும். உடையற அளவுக்கு அழுத்துனதாலதான் இதுவரைக்கும் வந்து சேந்தாங்க" என்றார். ரத்தக்குழாயில் அடைப்பு பல நாளாக இருந்திருக்கும், நீங்கள் செய்த பயிற்சி காரணமில்லை என்றும் சொன்னார். அதற்கப்புறம், "கை வலிக்குதுன்னு ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்டார். "எங்களுக்குத் தெனமும் வலிக்குமே சார்" என்றேன். அவர் என் கையை மெல்லத் தட்டிவிட்டு எழுந்து போனார்.

உள்ளே விட்டார்கள். உடம்பெல்லாம் ஒயர். உங்களுக்கு நினைவு இருந்தது. என்னைப் பார்த்ததும் உதடு அசைந்தது. குனிந்து காதை வைத்தேன்.

"பாவி. மூச்சு வுட்டா வலிக்குதுடி."

என்னை அதுவரை நீங்கள் டி போட்டதே இல்லை. நான் ஓவென்று அழுதுவிட்டேன்.

"எத்தினி எலும்பு?"

"ரெண்டு டீச்சர். மன்னிச்சிருங்க டீச்சர்."

"ரெண்டா!" உங்கள் கண் அகலமானது. விளையாட்டு மைதானத்தில் ஒரு பெண் முதலாவதாக ஓடிவந்தால் நீங்கள் பார்த்திருப்பீர்களே, அந்தப் பார்வை. சிரிக்கப் போய் வலியில் முகத்தைச் சுளித்தீர்கள். மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னீர்கள்: "இப்பவாச்சும் ஒத்துக்க. பலம் வந்துச்சா, இல்லியா?"

இத்தனை நாள் உங்களோடு வாயாடியவள், மரம் மாதிரி நின்றேன். நர்ஸ் வந்து நேரமாகிவிட்டது என்று வெளியே அனுப்பிவிட்டாள். அதற்கு அடுத்த நாள் விடியற்காலையில் நெஞ்சு மறுபடியும் நின்றுவிட்டது. இந்த முறை யாராலும் முடியவில்லை.

"அம்மா ஒரு நாளாச்சும் எங்கிட்ட பேசிட்டுப் போச்சு அத்தே. அது உங்க கை குடுத்தது" என்று உங்கள் மகள் என் கைகளை எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் உதறிக்கொண்டு எழுந்துவிட்டேன். எலும்பை உடைத்த கையை யாராவது கண்ணில் ஒற்றிக்கொள்வார்களா? எனக்குத் தாங்கவில்லை.

ஆனாலும் இந்தக் கையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது டீச்சர்? சுவரில் கையை ஊன்றினால் சுவர் தெரியவில்லை, உங்கள் நெஞ்சுதான் தெரிகிறது. இனிமேல் சாகிற வரைக்கும் அப்படித்தான் தெரியும் போலிருக்கிறது. தெரியட்டும். கையை எடுக்கப் போவதில்லை. நீங்கள் கேட்டதற்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. வெளியே அனுப்பிய பிறகு கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அந்தப் பதிலைத்தான் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன், உங்களுக்குக் கேட்டிருக்காது.

வந்துச்சு டீச்சர்.