ஒன்பதாம் வளைவில் நிற்கும் கார்

ஐப்பசி 18, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். பிளக் நான்கையும் கழற்றித் துடைத்தேன். பெட்ரோல் குழாயில் எறும்பு. சீமையில் சண்டை நடப்பதால் பெட்ரோலுக்கு ரேஷன் சீட்டு. மாதத்துக்கு இரண்டு தடவை சேலம் போய்வரக்கூடக் காணாது. எறும்புக்கு மட்டும் சீட்டில்லாமல் கிடைக்கிறது.

பதினொரு மணிக்குத் துரைசானி ஷெட்டுக்கே வந்துவிட்டார். துரை உயிரோடு இருந்தவரை இந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. "டிரைவர், இந்தக் கார் எனக்கு வேண்டாம். குதிரை போதும். கீழே கண் தெரியாத பிள்ளைகள் பள்ளிக்கூடம் இருக்குது. அதுக்குத் தானம். வியாழக்கிழமை வாத்தியார் வருவார். நீ கொண்டுபோய் விடணும்."

தலையை ஆட்டினேன். என் கதி என்ன என்று கேட்க வாய் வரவில்லை. அவரே சொன்னார்: இனிமேல் காப்பிக் களத்துக்குக் காவல். எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் அப்படியே இருந்துகொள்ளலாம்.

பதினேழு வருஷமாக இந்த வண்டியை நான்தான் குளிப்பாட்டுகிறேன். போகட்டும்.

வாங்க: சீமையெண்ணெய், திரி, சோப்பு. பறிக்க: நந்தியாவட்டைப் பூ.

19, திங்கள்

தூறல் நின்றது. பனி.

எழுதிவிடுகிறேன். என் வீட்டுக்காரி காவேரிக்கு எழுத்துத் தெரியாது. வேறு யாரும் இந்த நோட்டைத் தொடப் போவதில்லை.

எனக்குக் கண் போகிறது. வலது கண் போன தையில் ஆரம்பித்தது, இப்போது இடதும். பால் ஆறினால் ஆடை கட்டுமே, அப்படி. நந்தியாவட்டைச் சாறு ஒன்பது மாதமாக விடுகிறேன், எரிச்சல்தான் மிச்சம். என் எழுத்தும் பெருத்துக்கொண்டே வருகிறது. இந்தப் பக்கத்தில் எட்டு வரிதான் பிடிக்கிறது.

எப்படி ஓட்டுகிறேன்? ஹாரன். வளைவுக்கு முன்னால் ஒரு முறை அமுக்கினால் பாறைப் பக்கம் சத்தம் திரும்பி வரும், பள்ளத்துப் பக்கம் போனது போனதுதான். மேலிருந்து அடிவாரம் வரை இருபது வளைவு, விரலில் எண்ணிக்கொண்டே இறங்குவேன். யாராவது கேட்டால் ஒரே பதில்: "பனிங்க." ஏற்காட்டில் இந்தப் பதிலை யார் சந்தேகப்படப் போகிறார்கள்? பஸ் டிரைவர்கள்கூட, "பனியில ஓட்டறதுக்கு அவருகிட்டக் கத்துக்கோணும்" என்கிறார்களாம். கேட்டு எனக்கே கொஞ்சம் பெருமை. வெட்கம்கெட்ட பெருமை.

உண்மையில் பனி நாளைவிட வெயில் நாளில்தான் மோசம். வெளிச்சம் பட்டால் எல்லாம் வெள்ளை.

சொன்னால் காவல் வேலையும் போகும். கண் தெரியாத காவல்காரனை எந்த எஸ்டேட் வைத்துக்கொள்ளும்? லயத்து வீடும் போகும்.

இன்னொன்று இருக்கிறது. அதை எழுதக் கை வரவில்லை.

21, புதன்

நேற்று எழுதவில்லை. நான்கு தடவை கார் துடைத்தேன். வேலை இல்லாத கை சும்மா இருப்பதில்லை.

இன்று எழுதுகிறேன். புரட்டாசி கடைசியில், எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டரை மஞ்சக்குட்டையில் இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பும்போது, இடது மட்கார்டில் தட் என்று ஒன்று. ஒரு பொம்பளையின் சத்தம். டயருக்கடியில் ஆரஞ்சுப் பழங்கள் நசுங்கிய சத்தம். நிறுத்தவில்லை. நிறுத்தினால் கீழே இறங்க வேண்டும், இறங்கினால் ஏன் பார்க்கவில்லை என்று கேட்பார்கள். ஷெட்டுக்கு வந்து டயரைக் கழுவினேன். இரண்டு நாள் ஷெட்டில் ஆரஞ்சு வாசம். மட்கார்டில் நெளிவு. மாடு முட்டியது என்று துரைசானியிடம் (இனி து.சா.) சொன்னேன்.

அவள் இருக்கிறாளா, இல்லையா? இதுதான் என்னைத் தூங்கவிடாமல் தின்கிறது.

இன்று களத்துப் பக்கம் காப்பிப் பழம் பறிக்கிறவர்கள் பேசியது காதில் விழுந்தது.

"மஞ்சக்குட்ட வெள்ளச்சியக் காணமே. மூணு சந்தையா வரலியே."

"ஆரஞ்சு கொண்டாருவாளே, அவளா?"

"ஆமா புள்ள. என்ன ஏதுன்னு தெரியல."

யாரிடம் விசாரிப்பது? விசாரித்தால் உனக்கு ஏன் இந்த அக்கறை என்பார்கள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும்.

மத்தியானச் சோற்றின்போது காவேரி: "ஏனுங்க, வண்டியக் குடுக்கறதுன்னா நாளைக்கே குடுத்துப்போடோணும். தப்புச்சுன்னா வெள்ளி. வெள்ளிக்கெழம ஊட்டு லச்சுமிய வெளிய அனுப்பப்படாது." கார் நம் வீட்டு லட்சுமி இல்லை, பங்களா லட்சுமி என்றேன். அவள் சிரிக்கவில்லை. "முன்னெல்லாம் கொழம்புல மொளகா கெடந்தா எடுத்து ஓரமா வெப்பீங்க. இப்பக் கடிச்சுப்போட்டுத்தானுங்க துப்பறீங்க" என்றாள். அவ்வளவுதான். எழுந்து தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

தெரிந்திருக்கிறது. எத்தனை நாளாகவோ.

22, வியாழன்

காலையில் என்ன வானிலை என்று எழுதப் போனேன். எழுதவில்லை. காரணம் கீழே.

காரைக் கழுவிச் சந்தனம் வைத்து, நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தேன். கரி எரித்து ஓடும் காலைப் பஸ்ஸில் வாத்தியார் வந்தார். தங்கவேலு என்று பெயர். நாற்பது வயசிருக்கும். சின்ன வயதில் அம்மை போட்டுக் கண் போனவராம். கையில் மூங்கில் தடி, சட்டையில் கஞ்சி மொடமொடத்தது. து.சா. அவர் கையில் சாவியை வைத்தார். அவர் காரை முன்னாலிருந்து பின்னால் வரை தடவிப் பார்த்தார், கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிற மாதிரி. இடது மட்கார்டில் கை நின்றது.

"இது புதுசுங்களே. இன்னும் துரு ஏறல."

"மாடு முட்டிருச்சுங்க."

"மாட்டுக் கொம்பு குத்தும். இது சப்பையாத் தட்டுன மாதிரி இருக்குதுங்க." அதோடு விட்டுவிட்டார்.

பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவார்கள் என்று நினைத்திருந்தேன். வழியில் கேட்டேன். "எங்க பசங்களுக்கு எதுக்குங்க காரு? கரியில ஓட்டறதுக்கு மாத்திக்கறேன்னு ஒருத்தரு கேட்டிருக்காரு. அவருக்கு வித்துப்போட்டு, தறி வாங்கோணும், பிரம்பு வாங்கோணும்." எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் சொல்வதுதான் நியாயம்.

முதல் வளைவு. ஹாரன். இரண்டு. ஹாரன். நான்காவதில் கேட்டார்: "ஏனுங்க இத்தன ஹாரன்?"

"நொம்பப் பனிங்க. எதிர்ல ஒண்ணுந் தெரியறதில்ல."

பொய் என்று நினைத்துச் சொல்லவில்லை. எனக்கு எதிரே வெள்ளையாகத்தான் இருந்தது. சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். அதிலும் கேட்டவர் கண் தெரியாதவர், அவருக்கு என்ன தெரியப்போகிறது என்று உள்ளுக்குள் ஒரு எண்ணம் இருந்திருக்க வேண்டும். ஆமாம், இருந்தது.

ஐந்து, ஆறு, ஏழு, எட்டு. ஒன்பதாவது திரும்பியதும், "டிரைவருங்க, ஓரங்கட்டுங்க" என்றார். பாறையை ஒட்டி நிறுத்தினேன்.

"பனின்னா மொகத்துல ஈரம் ஒட்டும். எனக்கு வெயிலு சுடுதுங்க. ஒரு வளைவுக்கு இந்தக் கன்னம், அடுத்த வளைவுக்கு அந்தக் கன்னம். அத வெச்சு நானும் ஒம்போது எண்ணிப்போட்டேன்." என் பக்கம் திரும்பினார். "எத்தன நாளாச்சுங்க உங்களுக்கு?"

அழுதுவிட்டேன். நாற்பத்தெட்டு வயசு. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அவர் சமாதானம் சொல்லவில்லை. கோபம்தான். "நான் குருடன்தானுங்க. அதுக்காவ உங்ககூடப் பள்ளத்துக்கு வாரேன்னு ஒத்துக்கலியே." அப்புறம் குரல் இறங்கியது. "கண்ணுல பொரதானுங்களே? கீழ ஆஸ்பத்திரியில எடுத்துப்போடறாங்க. என்ற கண்ணு அம்மையில போனது, அதுக்கு வழியில்ல. உங்களுக்கு எங்க கூட்டத்துல சேர என்னங்க அவசரம்?"

கத்தி என்றால் பயம் என்றேன். "பதினோரு வளைவு பாக்கி இருக்குது, அதுக்குப் பயமில்லீங்களா?" என்றார்.

டயருக்குக் கல் வைத்தேன். இறங்கும் பஸ் வந்தது. ஏறும் முன் சொன்னார்: "நாஞ் சொல்ல மாட்டன். துரைசானிகிட்ட நீங்களே சொல்லோணும். ஞாயித்துக்கெழமக்குள்ள. இல்லீன்னா கடுதாசி எழுதச் சொல்லிப்போடுவேன்." பஸ்காரரிடம், வண்டியில் ஏதோ கோளாறு என்று மட்டும் சொன்னார். எனக்காக ஒரு பொய்.

ஒன்பது வளைவும் நடந்தே ஏறினேன். து.சா.விடம், "பிரேக்கு பிடிக்கலீங்க" என்றேன். மறுபடியும்.

23, வெள்ளி

மழை. நிஜ மழை, கையை நீட்டிப் பார்த்தேன்.

கார் ஒன்பதாம் வளைவிலேயே நிற்கிறது. போகிற வருகிறவர்கள் எல்லாம் விசாரிக்கிறார்கள். "என்னாச்சுங்க டிரைவரே?" "பிரேக்கு." ரைட்டர், "பிரேக்கா? போன மாசந்தானே பிரிச்சுப் போட்டீங்க?" என்றார். மழையைச் சாக்கிட்டு நடையைக் கட்டினேன். சேலத்திலிருந்து மெக்கானிக் வரச்சொல்லி து.சா. ஆள் அனுப்பியிருக்கிறார். அவன் வந்து பார்த்தால் பிரேக் பிடிக்கும்.

லயத்து வாசலுக்கும் ஷெட்டுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். வெறும் ஷெட். எண்ணெய்க் கறை மட்டும். உட்கார்ந்தால் எழ வேண்டும் போல, எழுந்தால் உட்கார வேண்டும் போல.

காவேரி: "இன்னைக்கு வெள்ளி. ஒண்ணும் வெளிய போவப்படாது. நாளைக்குப் போயிட்டு வாங்க."

"எங்க?"

"எங்கியோ போவோணும்னு தவிக்கறீங்களே, அங்க."

24, சனி

விடிந்ததும் மஞ்சக்குட்டைக்குக் கிளம்பினேன். நடை. பாதை ஓரத்துக் கல்லைத் தடியால் தட்டித் தட்டிப் போனேன். வாத்தியார் ஞாபகம்.

வெள்ளச்சி வீட்டைக் காட்டிவிட்டார்கள். வாசலில் உட்கார்ந்து இடது கையால் ராகி புடைக்க முயன்றுகொண்டிருந்தாள். கிட்டப் போனதும்தான் தெரிந்தது, வலது கையில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டு. உயிரோடு இருக்கிறாள். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஆரு சாமி?"

"பெரிய பங்களா டிரைவருங்க. உங்கள இடிச்சுப்போட்டு நிக்காமப் போனவன்."

முறத்தைக் கீழே வைத்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

ஒன்று கேட்காமல் இருக்க முடியவில்லை. ஒரு மாதமாக என்னையே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி. பனி இருந்திருந்தால் பாதிப் பழி பனிமேல் போகும்.

"அன்னைக்குப் பனி இருந்துதுங்களா?"

"பனியா? பளபளன்னு வெயிலு சாமி. நீ என்னையே பாத்துக்கிட்டுத்தானே வந்த. பாத்துட்ட, நீயே ஒதுங்கிப் போவேன்னுதான் நான் ஒதுங்கல."

கட்டுப் போட்ட கையைத் தொட்டுக் கும்பிட்டேன். அவள் கையை இழுத்துக்கொண்டாள், வலித்திருக்க வேண்டும்.

லயத்துக்குப் போகவில்லை. நேரே பங்களா. து.சா. பூச்செடிகளுக்கு நடுவே நின்றிருந்தார். வெள்ளையாக ஒரு உருவம், தொப்பி. செருப்பைக் கழற்றிவிட்டுக் கிட்டப் போனேன்.

"பிரேக்கு நல்லாப் பிடிக்குதுங்க அம்மா" என்று ஆரம்பித்தேன்.